பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, சேலம், மதுரைப் பக்கமிருந்து பெங்களூரின் பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்களும், பெங்களூரிலேயே சின்ன கம்பெனியில் இருந்துகொண்டு தாவப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இரண்டு முதல் எட்டு வருட அனுபவமுள்ள டெவலப்பர்களை மனதில் வைத்து எழுதியது.

மொத்தம் எத்தனை ரவுண்டு? எத்தனை நாள் இழுக்கும்?

முதலில் ரிக்ரூட்டரின் போன். அடுத்து ஆன்லைன் டெஸ்ட், அதன்பின் ஒரு ஸ்க்ரீனிங் ரவுண்டு. இவற்றைத் தாண்டினால் நாலைந்து இன்டர்வியூ அடங்கிய 'லூப்', கடைசியில் சம்பளப் பேச்சு. மூன்று வாரத்தில் முடிவதும் உண்டு, இரண்டு மாதம் இழுப்பதும் உண்டு.

ரவுண்டுகளின் எண்ணிக்கையைவிட, முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். கூகுளில் உங்களிடம் பேசாத ஒரு ஹையரிங் கமிட்டி, இன்டர்வியூ எடுத்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும். அமேசானில் 'பார் ரெய்சர்' என்று வேறு டீமைச் சேர்ந்த ஒருவர் லூப்பில் இருப்பார். ஆள் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்குக் கிடையாது. மற்ற பெரிய கம்பெனிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். எதிரே உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருப்பவர் எழுதும் ஒன்றரைப் பக்கம்தான் உங்களுக்காகப் பேசப்போகிறது. மனசுக்குள் சரியாக யோசித்து வாயால் சொல்லாமல் விட்டது அந்தப் பக்கத்தில் ஏறாது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

ரெஸ்யூமேயில் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

உங்கள் பெயரை. சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வேலை கிடைத்தபிறகும் தலைவலி தருவது இந்த இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கார்த்திக் சு', ஆதாரில் வெறும் 'கார்த்திக்', பான் கார்டில் இனிஷியலை ஏற்காததால் 'கார்த்திக் சுப்பிரமணியன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில். விண்ணப்பப் படிவமோ 'லாஸ்ட் நேம் கட்டாயம்' என்று நிற்கும். புள்ளி வைப்பது, ஒற்றை எழுத்தைப் போடுவது, அதே பெயரை இரண்டு தடவை அடிப்பது எதுவும் வேண்டாம். பான் கார்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆதாரும் பானும் பொருந்தவில்லை என்றால் வேலை தேடத் தொடங்கும்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள். பி.எஃப். கணக்கு ஆதார் பெயரோடுதான் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பழைய கம்பெனி பி.எஃப். பணம் புதிய கணக்குக்கு நகராது.

மற்றபடி ஒரு பக்கம் போதும்; எட்டு வருடம் தாண்டினால் இரண்டு. அப்பா பெயர், பிறந்த தேதி, 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், அதனால் எந்த எண் எவ்வளவு மாறியது என்பது இருக்கட்டும். 'பேமென்ட் மாட்யூலில் வேலை செய்தேன்' என்பதைப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். 'ராத்திரி ஓடும் ரிப்போர்ட்டை நாலு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்' என்றால் நின்று கேட்பார். கேட்பார் என்பதால் எப்படி என்று விளக்கத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ரெஃப்ரல் (உள்ளே வேலை பார்ப்பவரின் சிபாரிசு) இல்லாமல் கூப்பிடுவார்களா?

கூப்பிடுவார்கள், ஆனால் வரிசை நீளம். ரெஃப்ரல் கேட்கும்போது 'அண்ணா, உங்க கம்பெனியில வேலை இருக்கா?' என்று அனுப்பினால் பதில் வராது. எந்த வேலை, அதன் ஜாப் ஐடி, உங்கள் ரெஸ்யூமே, ஏன் பொருந்துகிறீர்கள் என்று மூன்று வரி: இவற்றை ஒரே மெசேஜில் கொடுங்கள். அவர் அப்படியே எடுத்து ஒட்டும்படி இருக்க வேண்டும். சில கம்பெனிகளில் நீங்களே முதலில் விண்ணப்பித்துவிட்டால் பிறகு ரெஃப்ரல் போட முடியாது. ஆகவே கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆன்லைன் டெஸ்டில் சாம்பிள் எல்லாம் பாஸ், ஆனாலும் ரிஜெக்ட். ஏன்?

கண்ணுக்குத் தெரியும் சாம்பிள்கள் இரண்டோ மூன்றோதான். பின்னால் மறைத்து வைத்த டெஸ்ட் கேஸ்கள் ஏராளம். அவற்றில் தோற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்.

முதல் காரணம் வேகம். கேள்வியின் அடியில் உள்ளீட்டின் அளவைக் கொடுத்திருப்பார்கள். அதைப் படிக்காமல் கோடு (நிரல்) எழுதக் கூடாது. ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு 1 லட்சம் என்றால், கோட்டில் லூப்புக்குள் லூப் (சுழற்சிக்குள் சுழற்சி) போட்டால் 1,000 கோடி செயல், நிச்சயம் டைம் அவுட். சார்ட் செய்து தீர்த்தால் சுமார் 17 லட்சம்தான். அளவு 20க்குள் என்று கொடுத்திருந்தால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 2ஐ 20 முறை பெருக்கினாலும் 10 லட்சத்துச் சொச்சம்தானே. இந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஓரங்கள். காலி உள்ளீடு, ஒரே ஒரு உறுப்பு, எல்லாம் ஒரே எண், மைனஸ் எண்கள். ஜாவா, சி++ காரர்களுக்கு இன்னொன்று: முழு எண்ணை வைக்கும் சாதாரண இன்ட் சுமார் 214 கோடி வரைதான் தாங்கும். கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எர்ரர் எதுவும் வராது, தப்பான விடைதான் வரும்.

டெஸ்ட் நேரத்தில் வேறு டேப் திறந்தால் பதிவாகும், கோடை மொத்தமாக ஒட்டினாலும் பதிவாகும். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்துத்தான் டெஸ்ட் வரும், பி.ஜி.யில் இருப்பவர்கள் முழு சார்ஜ், மொபைல் ஹாட்ஸ்பாட் இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கோடிங் ரவுண்டில் சரியான விடை எழுதியும் தேறவில்லை என்கிறார்களே?

இது உண்மை. 45 நிமிடத்தில் அறிமுகம் 5, கடைசியில் நீங்கள் கேள்வி கேட்க 5 போனால், மிச்சம் 35. அதில் விடையோடு சேர்த்து வழியையும் பார்க்கிறார்கள். ஒரு பழைய கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: ஒரு எழுத்துச் சரத்தில், எந்த எழுத்தும் திரும்ப வராத மிக நீளமான தொடர் பகுதியின் நீளம் என்ன?

கேள்வி முடிந்ததும் கோடு எழுதத் தொடங்குபவர்தான் அதிகம். அதற்கு முன் இரண்டு நிமிடம் கேளுங்கள்: சிறிய எழுத்து மட்டுமா, எந்த எழுத்தும் வரலாமா? காலியாக இருந்தால் பூஜ்யம் திருப்பலாமா? எவ்வளவு நீளம்? அடுத்து, மெதுவான வழியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: 'ஒவ்வொரு இடத்திலிருந்தும் தொடங்கிப் பார்க்கலாம், அது நீளத்தின் வர்க்கத்தில் ஓடும், வேகப்படுத்த முடியும்.' இதைச் சொல்லிவிட்டால் குறிப்பில் முதல் வரி விழுந்துவிட்டது. பிறகு சன்னல் முறை: இடது முனை, வலது முனை, ஒவ்வொரு எழுத்தும் கடைசியாக எங்கே வந்தது என்று ஒரு ஹாஷ் மேப். வலது முனை ஒவ்வொன்றாக நகரும். மேப்பில் உள்ள எழுத்து வந்தால், அது முன்பு வந்த இடத்துக்கு அடுத்த இடத்துக்கு இடது முனை தாவும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 'கமமக' என்று கொடுத்துப் பாருங்கள். இடங்களை 0, 1, 2, 3 என்று எண்ணினால், இரண்டாவது ம வந்ததும் இடது முனை 2க்குப் போய்விடுகிறது. அடுத்து க; அது முன்பு வந்தது 0வது இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு 'அதற்கு அடுத்த இடம்' என்று போட்டால் இடது முனை பின்னோக்கி 1க்கு வந்துவிடும், 'மமக' என்று நீளம் 3 காட்டும். சரியான விடை 2. புதிய இடம், இப்போதைய இடது முனை, இரண்டில் எது பெரிதோ அதை எடுக்க வேண்டும். கோடை எழுதி முடித்ததும் 'சார், முடிஞ்சுது' என்று நிமிராமல், இப்படி ஒரு சின்ன உதாரணத்தை நீங்களே போட்டு வரி வரியாக ஓட்டிக் காட்டுங்கள். தப்பை அவர் கண்டுபிடிப்பதற்கும் நீங்களே கண்டுபிடிப்பதற்கும் குறிப்பில் பெரிய வித்தியாசம்.

இன்டர்வியூ எடுப்பவர் ஏதாவது துப்புக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். 'இன்னொரு முறை யோசிச்சுப் பாருங்களேன்' என்றால் பெரும்பாலும் கோட்டில் ஓட்டை இருக்கிறது. வாதாடுபவர்களைப் பற்றி எழுதப்படும் வரி நன்றாக இருக்காது.

யோசிக்கும்போது அமைதியாக இருக்கலாமா?

ஒரு நிமிடம் வரை தாராளமாக. 'ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சொல்றேன்' என்று அறிவித்துவிட்டு இருங்கள். ஐந்து நிமிடம் மௌனம் என்றால் எழுதுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

என் ஆங்கிலம் தடுமாறும். தமிழ் மீடியம். சிக்கலா?

இலக்கணப் பிழைக்காக யாரும் ரிஜெக்ட் செய்வதில்லை. சிக்கல் வேறு இடத்தில்: வார்த்தை வராதோ என்ற பயத்தில் யோசனையையே சொல்லாமல் விடுவது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். முதலில் இது, பிறகு இது, காரணம் இது. தினமும் ஒரு கணக்கை எடுத்து, கோடு எழுதும்போதே ஆங்கிலத்தில் சத்தமாக விளக்கிப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு நிற்கிறதோ அந்தப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான் எல்லா இன்டர்வியூவிலும் திரும்ப வரும்.

கேள்வி புரியாவிட்டால் தலையாட்டக் கூடாது. நம் ஊரில் மரியாதைக்குத் தலையாட்டிப் பழகிவிட்டோம். புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி 'சரிதானா?' என்று கேளுங்கள்.

எதிரே இருப்பவர் தமிழராகவே இருக்கலாம். பெங்களூரில் இது சர்வ சாதாரணம். பெயரைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பிக்க வேண்டாம். அவரே 'நீங்க எந்த ஊரு?' என்று கேட்டால் ஒரு வரி தமிழில் சொல்லலாம், கேள்வி பதில் ஆங்கிலத்திலேயே போகட்டும்.

கன்னடம் தெரிய வேண்டுமா?

இன்டர்வியூவுக்குத் தேவையில்லை. ஊரில் குடியேறினால் கற்றுக்கொள்ளுங்கள்.

சிஸ்டம் டிசைன் ரவுண்டை எப்படிக் கையாள்வது?

மூன்று நான்கு வருடத்துக்குக் குறைந்த அனுபவத்துக்குப் பெரும்பாலும் இது இருக்காது, அல்லது லேசாக இருக்கும். இருப்பவர்கள் செய்யும் முதல் தப்பு, கேள்வி கேட்டதுமே பெட்டி பெட்டியாக வரைந்து காஃப்கா, ரெடிஸ் என்று மென்பொருள்களின் பெயர்களை அடுக்குவது. முதல் ஐந்து நிமிடம் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கணக்கு.

நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை வடிவமைக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 10 கோடி புதிய முகவரி என்கிறார். ஒரு நாளுக்கு 86,400 நொடி, 30 நாளுக்கு சுமார் 26 லட்சம் நொடி. ஆக நொடிக்குச் சுமார் 40 எழுதல். ஒன்றை நூறு பேர் திறப்பார்கள் என்றால் நொடிக்கு 4,000 வாசிப்பு. ஒரு பதிவுக்கு 500 பைட் என்றால் மாதம் 50 ஜி.பி., ஐந்து வருடத்தில் 3 டி.பி. இந்த எண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது: எழுதல் ஒரு பிரச்சினையே இல்லை, வாசிப்புக்கு கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் தற்காலிக நினைவகம்) வேண்டும். சுருக்கம் எத்தனை எழுத்து? யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் 'ஏழு' என்பார்கள். 62 குறிகளில் (ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகள், பத்து இலக்கங்கள்) ஆறு எழுத்து என்றாலே சுமார் 5,680 கோடி. நமக்கு ஐந்து வருடத்தில் வேண்டியது 600 கோடி. வரிசை எண் கொடுத்து மாற்றுவதானால் ஆறே போதும். ராண்டமாக எடுப்பதானால் நிரம்ப நிரம்ப மோதல் (ஒரே சுருக்கம் மறுபடி வருவது) கூடும், அப்போது ஏழு என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் கேட்க விரும்புகிறார்கள்.

சுருக்கத்தைத் திறந்தவரை நீண்ட முகவரிக்குத் திருப்பி அனுப்பும்போது 301 (நிரந்தரம்) என்ற குறியீட்டைக் கொடுப்பதா 302 (தற்காலிகம்) கொடுப்பதா என்பதும் இப்படித்தான். 301 என்றால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வருக்கு வராமலே போய்விடும். சுமை குறையும், ஆனால் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு போய்விடும். கணக்கு வேண்டுமென்றால் 302.

'உங்கள் மேனேஜரோடு கருத்து வேறுபாடு வந்ததா?' போன்ற கேள்விகளுக்கு?

அமேசானில் 16 தலைமைக் கொள்கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு இன்டர்வியூவரும் அவற்றில் இரண்டு மூன்றைப் பங்கு போட்டுக்கொண்டு கேட்பார். மற்ற இடங்களில் பெயர் வேறு, கேள்வி ஒன்றுதான். ஆறு முதல் எட்டு வேலைச் சம்பவங்களைத் தயார் செய்யுங்கள்: ஒரு மோதல், ஒரு தோல்வி, காலக்கெடு நெருக்கடி, யாரும் சொல்லாமல் எடுத்துச் செய்தது, அரைகுறைத் தகவலோடு எடுத்த முடிவு. ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். நிலைமை 20 விநாடி, மிச்சமெல்லாம் நீங்கள் செய்ததும் விளைவும்.

நம்மவர்கள் சறுக்குவது 'நாங்க' என்ற சொல்லில். 'நாங்க டேட்டாபேஸை மாத்தினோம், நாங்க டெஸ்ட் பண்ணினோம்' என்று அடக்கமாகச் சொல்லி முடிப்பார்கள். கேட்டவரின் குறிப்பில் 'இவர் செய்தது என்ன என்று தெரியவில்லை' என்று விழும். டீம் செய்ததை டீமுக்குக் கொடுங்கள், நீங்கள் எழுதிய டாக்குமென்டை 'நான்' என்று சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

'எனக்குத் தோல்வியே வந்ததில்லை', 'என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது' இரண்டும் உதவாது. பழைய மேனேஜரைத் திட்டுவது அதைவிட மோசம்.

நேரில் வரச் சொல்கிறார்கள். எப்படிப் போவது?

வீடியோவில் ஏமாற்று வேலை பெருகியதால் ஒரு ரவுண்டாவது நேரில் வைப்பது மறுபடி வழக்கமாகிவிட்டது. 'பெங்களூர் ஆபீஸ்' என்றால் போதாது, எந்த டெக் பார்க், எந்த பிளாக், எந்த கேட் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே கம்பெனிக்கு ஊரில் மூன்று இடத்தில் கட்டடம் இருக்கும்.

எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வசதி. ஓசூர் வழியாக வரும் பஸ்கள் அந்தப் பக்கமாகத்தான் வருகின்றன, மேம்பாலத்தில் ஏறிவிடுமா என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் மெட்ரோவும் உண்டு. ஒயிட்ஃபீல்டு என்றால் சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள் கே.ஆர்.புரத்திலேயே இறங்கி ஊதா தடத்தைப் பிடிக்கலாம். ஊர் நடுவிலுள்ள மெஜஸ்டிக் வரை போய்த் திரும்புவது வீண். அவுட்டர் ரிங் ரோட்டில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளிப் பக்கமும், நாகவாராவின் மான்யதா பார்க்கும்தான் கஷ்டம். காலை ஒன்பதுக்கு மேல் சில்க் போர்டிலிருந்து அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முந்தின நாள் இரவே வந்து பக்கத்தில் தங்குங்கள்.

கேட்டில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போட்டோ உள்ள அடையாள அட்டை கையில், லேப்டாப் கொண்டுபோனால் அதன் சீரியல் நம்பரை ரெஜிஸ்டரில் எழுதச் சொல்வார்கள், பாஸுக்கு மொபைலில் ஓ.டி.பி. வரும். ரிக்ரூட்டரின் போன் நம்பரைத் தனியாகக் குறித்து வையுங்கள். உள்ளே ஒயிட் போர்டில் எழுதச் சொன்னால் மேல் இடது மூலையில் ஆரம்பியுங்கள், நடுவில் ஆரம்பித்தால் இடம் பத்தாது.

24 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் 2 லட்சம் வருமா?

வராது. சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக ஒதுக்கும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு: வருடாந்தரப் போனஸ் 10 சதவீதம் என்றால் 2,40,000 போய்விட்டது, அது வருடக் கடைசியில், அதுவும் உறுதியில்லை. அடிப்படைச் சம்பளமான பேசிக் பாதி, அதாவது 12 லட்சம் என்றால், கம்பெனி போடும் பி.எஃப். 12 சதவீதம், 1,44,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 57,720. மிச்சம் 19,58,280, மாதம் 1,63,190. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 12,000, கர்நாடகத் தொழில் வரி 200 கழிந்து 1,50,990. வருமான வரி இன்னும் பிடிக்கவில்லை. சில கம்பெனிகள் பி.எஃப்.பை மாதம் 1,800 என்று நிறுத்திவிடும். அப்போது கையில் வருவது கூடும், சேமிப்பு குறையும். ஆஃபரில் பிரித்துக் காட்டிய தாளைக் கேட்டு வாங்காமல் சரி சொல்லாதீர்கள்.

ஷேர் கொடுத்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். வழக்கமாக நாலு வருடத்தில் பிரித்துத் தருவார்கள். அமேசானின் பழகிய கணக்கு 5, 15, 40, 40 சதவீதம். இரண்டு வருடத்தில் கிளம்பினால் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஷேர் உங்கள் பெயருக்கு வரும் நாளில் அதன் மதிப்பு சம்பளமாகவே கணக்காகி வரி பிடிக்கப்படும். ஜாயினிங் போனஸுக்கு 'ஒரு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கொடு' என்ற வரி இருக்கும், அது பிடித்தத்துக்கு முந்தைய தொகையா பிந்தையதா என்று பாருங்கள்.

'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று முதல் போனிலேயே கேட்டால், 'இந்த லெவலுக்கு உங்கள் வரம்பு என்ன?' என்று திருப்பிக் கேட்பதில் தப்பில்லை. இப்போதைய சம்பளத்தைப் பொய்யாகச் சொல்ல வேண்டாம், பேஸ்லிப் கேட்பார்கள்.

நோட்டீஸ் 90 நாள். புதிய கம்பெனி 30 நாளில் வரச் சொல்கிறது.

முதல் போனிலேயே 90 என்று சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் கசக்கும். மிச்ச நாளுக்குப் பணம் கட்டி விடுபட உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அனுமதிக்கிறதா, அல்லது மேனேஜர் சம்மதம் வேண்டுமா என்று பாருங்கள். அனுமதித்தால் அந்தத் தொகையைப் புதிய கம்பெனி தருமா என்று கேளுங்கள்; பல இடங்களில் தருவார்கள். எழுத்தில் ஆஃபர் வராமல் ராஜினாமா போடாதீர்கள், வாய் வார்த்தை ஆஃபர் ஆகாது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் ஓடிவிட்டால் அடுத்தடுத்த வேலைகளிலும் அது துரத்தும்.

அனுபவத்தில் ஆறு மாதம் கூட்டிப் போட்டால் தெரியுமா?

தெரியும். பி.எஃப். யு.ஏ.என். (ஆளுக்கு ஒரே எண்) கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்று கிடக்கிறது; ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததும் அதில் தெரியும். சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வெளியே அனுப்புவார்கள். இடைவெளி இருந்தால் இருக்கட்டும், 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தேன்' என்பது யாருக்கும் புரியும் காரணம். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் இப்போதே போர்ட்டலில் பார்த்துச் சரி செய்யுங்கள்.

ஏஜென்ட் ஒருவர் பணம் கட்டினால் உள்ளே வேலை வாங்கித் தருவேன் என்கிறார்.

கட்டாதீர்கள். டெபாசிட், டிரெயினிங் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் மோசடிதான். மெயில் வந்த முகவரியில் @ குறிக்குப் பின்னால் கம்பெனியின் சொந்த டொமைன் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இன்டர்வியூவே வைக்காமல் வந்த ஆஃபர் லெட்டரைக் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்திலுள்ள முகவரிக்கு அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ரிஜெக்ட் ஆனால் மறுபடி எப்போது?

ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். சரியான கால அளவை ரிக்ரூட்டரிடமே கேளுங்கள், எந்த ரவுண்டில் போனது என்பதையும் சேர்த்து. காரணத்தை விளக்கமாகச் சொல்ல அவருக்கு அனுமதி இருக்காது, 'கோடிங்கா, டிசைனா?' என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அன்று ராத்திரியே கேட்ட கேள்விகளையும் நின்ற இடங்களையும் எழுதி வையுங்கள், இரண்டு நாளில் மறந்துவிடும்.

சேரும் நாளில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டுமா?

காட்டலாம், கொடுக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் முறை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, செமஸ்டர் மார்க் ஷீட்கள், கடைசி மூன்று மாதப் பேஸ்லிப், ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர், பான், ஆதார், கேன்சல் செய்த செக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு: இவற்றின் நகல் இரண்டு செட் கையில் இருக்கட்டும். கன்வகேஷன் முடியாதவர்கள் புரொவிஷனல் சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோகலாம், ஆனால் அதை முன்கூட்டியே ஹெச்.ஆருக்கு மெயிலில் சொல்லி, சரி என்ற பதிலை வாங்கி வையுங்கள்.